பதினெட்டும் இருபத்திரண்டும்

மடுத் திருப்பதியில் ஆவணித் திருவிழா நடைபெறும் நாட்களில், காட்டு மரங்களின் கீழ் அடித்த கூடாரங்களிடையே சற்று உலாவி வருபவர்க்கு ஒரு புதுமை தென்படாமற் போகாது. முன்னெல்லாம் அங்கே தமிழும் சிங்களமுமே காதில் விழும். இக்காலத்திலோ ஜேர்மன் மொழியும் பிரெஞ்சும் நோர்வேஜிய மொழியும் கலந்து ஒலிக்கின்றன. பேசுபவர்கள் வெள்ளையர் அல்லர். பேசாலை, வங்காலை, தாழ்வுபாடு, முருங்கன், அடம்பன் முதலிய நம் ஊர்களிலிருந்து 1983-க்குப் பின் புறப்பட்டுப் போனவர்களின் பிள்ளைகளே அவர்கள். ஆகஸ்ட் 15-ஆம் நாள் ஆசீர்வாதம் பெற்று, அம்மம்மா வீட்டில் இரண்டு கிழமை தங்கி, கருவாட்டுப் பொதியோடு விமானம் ஏறிவிடுகிறார்கள்.

இவர்களுள் ஆண்பிள்ளைகள் பலர் பதினேழு, பதினெட்டு வயதினர். உலகின் பல நாடுகள் இளைஞனைப் படைக்கு அழைக்கும் வயதும் அதுவே. இரு நாடுகளின் பிரஜாவுரிமையைத் தாங்கிய ஒருவன், தான் வளராத நாட்டுக்கு விருந்தாளியாக வரும்போது, அந்நாடு அவனைத் தன் பிரஜையாகக் கொண்டு படைச்சேவைக்கு இழுக்கலாகுமா? இக் கேள்வி சர்வதேசச் சட்டத்தில் நெடுநாளாக உள்ளதுதான். ஆயினும் மன்னாரில் அது நூலகத்துக் கேள்வியன்று. பேசாலையில் எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர், "மாஸ்டர், பேரனுக்கு வாற மாதம் பதினெட்டு முடியுது. இந்த முறை வரச் சொல்லலாமோ? இங்க ஆரும் பிடிச்சுக்கொண்டு போகமாட்டினமே?" என்று கேட்டார். கேட்டது யுத்தம் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னர். "பயப்படாதேயுங்கோ அம்மா" என்று உடனே சொல்லிவிட்டேன். அவ்விடை சரியானதே. ஆயினும் அதன் ஆதாரம் யாது என்று பின்னர் ஆராயப் புகுந்தபோதுதான், விஷயம் நான் எண்ணியதைவிடச் சிக்கலானது என்பது புலனாயிற்று.

முதலில் இலங்கைச் சட்டத்தை நோக்குவோம். இந்நாட்டில் கட்டாய இராணுவ சேவை இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்த யுத்தத்தின்போதுங்கூட அரசாங்கப் படைகள் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்களைக் கொண்டே நடத்தப்பட்டன. 1985-ஆம் ஆண்டின் 40-ஆம் இலக்கச் சட்டம் ஆட்களைத் திரட்டுதற்கும் துணைப்படைகளை அமைத்தற்கும் இடமளித்தது. ஆயினும் அதைக்கொண்டு நாட்டு இளைஞர் அனைவரையும் கட்டாயமாகப் படைக்கு எடுக்கும் முறை கொண்டுவரப்படவில்லை. 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்புரை பிரஜைகளின் கடமைகளைக் கூறுகிறது. அரசியலமைப்பையும் சட்டத்தையும் பேணிக் காத்தல், தேசிய ஒற்றுமையை வளர்த்தல், பொதுச் சொத்தைப் பாதுகாத்தல், இயற்கையைக் காத்தல் என்பன அதில் உள. ஆயுதம் ஏந்தி நாட்டைக் காக்க வேண்டும் என்ற வாசகம் அதில் இல்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை சற்று வேறு. இந்திய அரசியலமைப்பில் 1976-இல் சேர்க்கப்பட்ட 51-அ உறுப்புரை, அழைக்கப்படும்போது நாட்டைக் காத்துத் தேசிய சேவை புரிதலையும் கடமைகளுள் ஒன்றாகச் சொல்கிறது. அங்கும் கட்டாயப் படைச்சேவை இல்லை என்பது உண்மையே. ஆனால் வாசகம் இருக்கிறது. நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் அவ்வாசகத்தை அறியாதவர்கள் அல்லர். அறிந்தும் எழுதாது விட்டமை ஒரு வகையில் நன்மையே என்பது என் அபிப்பிராயம்.

இங்கே இடையில் ஒன்று சொல்ல வேண்டும். 2011-இல் பல்கலைக்கழகப் புதுமுக மாணவர்களை இராணுவ முகாம்களுக்கு அனுப்பித் தலைமைத்துவப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு ஒன்று நடந்தது. அது படைச்சேவை அன்று எனலாம். ஆயினும் யுத்தம் முடிந்து இரண்டே ஆண்டுகளில், தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளையை முகாமின் வாயிலிற் கொண்டுபோய் விட நேர்ந்தபோது அவர்கள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஆசிரியத் தொழிலில் இருந்தவர்கள் அறிவர்.

மூதாட்டிக்குக் காட்டத்தக்க பத்திரம் ஒன்றேனும் உண்டா என்று தேடினால், ஒன்று அகப்படுகிறது. ஆயுதப் போர்களிற் சிறுவரை ஈடுபடுத்துதல் பற்றிய ஐக்கிய நாடுகளின் விருப்பநெறிமுறையை இலங்கை 2000-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டபோது, தன் தேசியப் படைகளிற் கட்டாயமாகவோ வலிந்தோ ஆட்சேர்ப்பு இல்லை என்றும், சேர்வது முற்றிலும் விருப்பத்தின் பாற்பட்டது என்றும், குறைந்த வயது 18 என்றும் எழுத்தில் அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் கூர்ந்து நோக்கின், அது அன்றைய நிலையை எடுத்துரைக்கும் கூற்று. என்றைக்கும் இவ்வாறே இருக்கும் என்ற வாக்குறுதி அன்று. வெளிநாட்டில் வளர்ந்த இரட்டைப் பிரஜையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆயின், மன்னார் மக்கள் கட்டாய ஆட்சேர்ப்பு என்பதைச் சட்டப் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் அல்லர். 1989-இல், இந்தியப் படை திரும்பிப் போகும் வேளையில், தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரால் வடக்குக் கிழக்கெங்கும் இளைஞர்கள் தெருவில் வைத்துப் பிடிக்கப்பட்டனர். பிற்காலத்தில் வன்னிப் பெருநிலத்திலே விடுதலைப் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டனர். பின்னர் அக் கணக்கும் மீறப்பட்டது. யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் பதினான்கு வயதுப் பிள்ளைகளும் வலிந்து சேர்க்கப்பட்டதாக ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011-இல் எழுதியது. மன்னார்த் தீவு அரசாங்கத்தின் கையிலும், மடு, அடம்பன், மாந்தைப் பக்கமெல்லாம் புலிகளின் கையிலும் இருந்த காலத்தில், உயிலங்குளத்துச் சோதனைச் சாவடியே இரண்டுக்கும் எல்லை. ஓர் அரை மணி நேரப் பயணத்தில் இரண்டு ஆட்சிகள், இரண்டு கட்டளைகள். 2008 ஏப்ரலிற் போர் மடுவை நெருங்கியபோது மாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. தாய்மார் மட்டும் பிள்ளைகளை ஒளித்து வைக்காமல் இருப்பார்களோ?

அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் நிலை எவ்வாறு இருந்தது? 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் கையெழுத்தாகிய பின், பல்லாண்டு பிரிந்திருந்த குடும்பங்கள் பிள்ளைகளோடு வன்னிக்கு வந்தன. அவர்களிடம் கேட்கப்பட்டது உடல் அன்று, பணம். வந்தவர்கள் வெளிநாட்டில் எவ்வளவு செலுத்தினார்கள் என்று கணக்குப் பார்க்கப்பட்டதையும், சிலருடைய கடவுச்சீட்டு வாங்கி வைக்கப்பட்டதையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006-இல் வெளியிட்ட அறிக்கை விரிவாகச் சொல்கிறது. இங்கே இருந்தவனிடம் பிள்ளை; அங்கிருந்து வந்தவனிடம் காசு. இக் கொடிய நியாயத்தை உற்று நோக்கினால் ஓர் உண்மை தெரியும். சட்டமே இல்லாத ஆட்சியுங்கூட, வெளியில் வளர்ந்த பிள்ளையையும் உள்ளூர்ப் பிள்ளையையும் ஒன்றாக எண்ணவில்லை. கடவுச்சீட்டு ஒரு கவசமாக இருந்தது. காசு கொடுத்துப் பெறும் கவசம்.

ஆதலின் பேசாலை மூதாட்டியின் அச்சத்தைப் பேதைமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் அஞ்சியது இன்றைய சட்டத்தை அன்று. சட்டம் வாய் திறவாதிருந்த வேளைகளில் நேர்ந்தவற்றை.

இனி, அப் பேரன் சட்டத்தின் கண்ணில் யார் என்பதைப் பார்ப்போம். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டிற் பிறந்த பிள்ளை, பிறக்கும்போது தந்தை இலங்கைப் பிரஜையாக இருந்து, பிறப்பும் உரியவாறு பதியப்பட்டால், வம்சாவழியால் இலங்கைப் பிரஜையாகிறது. தாய்வழியாகவும் அவ்வுரிமை இறங்கலாம் என்பது 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு தாமதம், இருப்பினும் வந்தது. பதிவு ஓராண்டுக்குள் செய்யப்பட வேண்டும். தக்க காரணம் காட்டினால் அமைச்சர் தவணை நீட்டலாம். இன்னொரு புறம், தன் விருப்பத்தால் வேறொரு நாட்டின் பிரஜையாகிறவன் இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கிறான். 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கீழ் அனுமதி பெற்றால் மட்டும் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இவ் விதிகளை ஒரு குடும்பத்திற் பொருத்திப் பாருங்கள். சூரிச் நகரில் வாழும் ஒரு தம்பதியர் எனக் கொள்வோம். மூத்த மகன் பிறந்தபோது தாய் சுவிஸ் பிரஜையாகிவிட்டார். தந்தை இன்னும் இலங்கைப் பிரஜை. பிறப்பைத் தூதரகத்திற் பதிந்தார்கள். சில ஆண்டுகளில் தந்தையும் சுவிஸ் பிரஜையானார். இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. அதன்பின் இளையவன் பிறந்தான். மூத்தவனுக்கு இரண்டு நாடு, இளையவனுக்கு ஒன்று. ஒரே வயிற்றிற் பிறந்து, ஒரே பள்ளியிற் படித்து, ஒரே விமானத்தில் வந்து மடுவில் ஒரே கூடாரத்திற் படுத்துறங்கும் சகோதரர் இருவரை, தந்தை கையெழுத்திட்ட ஒரு தேதி பிரித்துவிட்டது. ஒருவன் வீடு வந்த பிரஜை. மற்றவன் விசா வாங்கிய பிரயாணி.

மூத்தவனின் இரட்டை நிலையும் நிலைத்து நிற்பதன்று. பிறப்பினாலோ பின்னர்ச் சட்டத்தின் இயக்கத்தாலோ வேறு நாட்டின் பிரஜையாகவும் உள்ள வம்சாவழிப் பிரஜை, அவ் வேற்றுநாட்டு உரிமையை அதற்கு முன் துறவாவிட்டால், இருபத்திரண்டு வயது நிறைந்த மறுநாள் இலங்கைப் பிரஜையாக இராதொழிகிறான் என்பது அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு. இங்கேதான் நான் வாசகரின் கவனத்தை வேண்டி நிற்கிறேன். தெரிவு செய்யும் வயது இருபத்திரண்டு. உலக நாடுகள் படைக்கு அழைக்கும் வயதோ பதினெட்டு, பத்தொன்பது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அவன் இரு நாடுகளுக்கும் முழுப் பிரஜை. எந்த நாட்டையும் தானாகத் தெரிந்தெடுத்தவன் அல்லன்.

இந்த இருபத்திரண்டு எங்கிருந்து வந்தது? 1948-இல் பராயமடையும் வயது இருபத்தொன்று. பராயமடைந்தபின் யோசிக்க ஓராண்டு என்று இரங்கிக் கொடுத்தார்கள் போலும். இலங்கையிற் பராயமடையும் வயது 1989-இல் பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. வாக்களிக்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், படையிற் சேரலாம். நாட்டைத் தெரிவதற்கு மட்டும் பழைய கணக்கே நிலவுகிறது.

சர்வதேச உலகம் இச் சிக்கலை உணராமல் இருந்ததில்லை. 1930 ஏப்ரல் 12-இல் ஹேக் நகரிற் செய்யப்பட்ட உடன்படிக்கைகளுள் ஒன்று, இரட்டைப் பிரஜைகளின் இராணுவக் கடமைகளைப் பற்றியது. ஒருவன் எந்த நாட்டில் வழக்கமாக வாழ்கிறானோ, எந்த நாட்டோடு உண்மையில் நெருங்கிய தொடர்புடையவனோ, அந் நாட்டுக்கே அவனது படைக்கடமை. மற்ற நாட்டில் விலக்கு என்பது அதன் முதல் விதி. பராயமடைந்ததும் ஒரு நாட்டின் உரிமையைத் துறக்கும் வாய்ப்புள்ளவனுக்கு, பராயமடையும்வரை அந்நாட்டிற் படைச்சேவை இல்லை என்பது அடுத்தது. 1937-இல் நடைமுறைக்கு வந்த இந்த உடன்படிக்கை நம் மூத்த மகனுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது அன்றோ! ஆனால் அதில் இணைந்த நாடுகள் சிலவே. அதே ஆண்டில் அதே நகரில் எழுந்த வேறோர் உடன்படிக்கையின் 4-ஆம் உறுப்புரைதான் உலகெங்கும் பெயர் பெற்றது. ஒருவன் தன் இரு நாடுகளுள் ஒன்றில் இருக்கும்போது, அந்நாட்டுக்கு எதிராக மற்ற நாடு அவனுக்கு இராஜதந்திரப் பாதுகாப்பு அளிக்கலாகாது என்பது அது. சுருங்கச் சொன்னால், மூத்தவன் மன்னாரில் இடருற்றால் சுவிஸ் தூதரகம் உரிமையோடு தலையிட முடியாது; இளையவனுக்கோ முடியும்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? சுவிற்சர்லாந்தில் ஆண் பிரஜைகள் யாவரும் படைச்சேவைக்குக் கடமைப்பட்டவர்கள். பயிற்சிப் பாடசாலை பெரும்பாலோர்க்குப் பதினெட்டு வாரம். மனச்சாட்சி இடந்தராதவர் ஒன்றரை மடங்கு காலம் குடிசார் சேவை புரியலாம். இரண்டும் செய்யாதவர் வருமானத்தில் நூற்றுக்கு மூன்று வீதம், குறைந்தது ஆண்டுக்கு 400 பிராங்கு, விலக்கு வரி செலுத்த வேண்டும். ஆனால் வெளிநாட்டில் வாழும் சுவிஸ் பிரஜைக்குச் சமாதான காலத்தில் இக் கடமை இல்லை. தாய்நாட்டைப் பார்க்க வருபவனை யாரும் பிடிப்பதில்லை. மீண்டு வந்து குடியிருக்கும்போதே கடமையும் மீள்கிறது. நோர்வே 2015 முதல் பெண்களையும் படைச்சேவைக்கு உட்படுத்தியது. டென்மார்க் 2025-இல் அவ்வழியிற் சென்றது. 2011-இற் கட்டாயச் சேவையை நிறுத்தி வைத்த ஜேர்மனி, 2026 ஜனவரி முதல், 2008-இலும் அதன் பின்னும் பிறந்த ஆண்களுக்கு வினாக்கொத்து அனுப்பி விடை பெறும் சட்டத்தைச் செயற்படுத்தியுள்ளது. ஆக, பேசாலை மூதாட்டியின் பேரனைத் தேடி அழைப்பாணை வருமாயின், அது மன்னாருக்கு வராது; அவன் வசிக்கும் தெருவின் தபாற்பெட்டிக்கே வரும். அச்சம் வேண்டிய திசை வேறு!

விருந்தாளியாக வந்தவனையும் விடாத நாட்டுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால், தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரைச் சொல்லலாம். அங்கே 1967 முதல் தேசிய சேவை நடைமுறையில் உள்ளது. பதின்மூன்று வயது நிறைந்த சிறுவன் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வேண்டின் அனுமதி பெற வேண்டும். சேவையை முடிக்காதவன் பிரஜாவுரிமையைத் துறக்க விரும்பினும், அத் துறவைப் பதியாது நிறுத்திவைக்க அரசியலமைப்பு அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. பியானோ வாத்தியக் கலைஞர் மெல்வின் டான் பன்னிரண்டு வயதில், 1969-இல், இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். 1978-இற் பிரித்தானியப் பிரஜையானார். சேவைக்கு வராத குற்றம் நிலுவையில் இருந்தமையால், தாய்தந்தையரைக் காணப் பிறந்த மண்ணில் நெடுங்காலம் காலடி வைக்கவில்லை. 2005-இல் அவர்கள் முதுமையுற்ற நிலையில் திரும்பி வந்து நீதிமன்றில் நின்றார். 5,000 வெள்ளி அபராதம். இவ்வளவுதானா தண்டனை என்று, சேவை செய்த பிள்ளைகளின் பெற்றோர் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டு அபராதத்தின் உச்சவரம்பு 10,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அப் பெற்றோரின் சினத்தை நான் குறை கூறேன். தம் மகன் இரண்டாண்டு வெயிலில் நின்றான் என்பது அவர்கள் வழக்கு. எனினும் ஒரு மனிதன் தாயின் முகத்தைக் காண்பதற்கு இடையில் ஒரு சட்டம் அத்தனை ஆண்டு நின்றது என்பதும் உண்மையே.

இந்த இடத்தில், கடலுக்கு அப்பால் மண்டபத்திலும் தமிழகத்தின் ஏனைய முகாம்களிலும் வளர்ந்த பிள்ளைகளை நினையாதிருக்க முடியவில்லை. தலைமன்னாரிலிருந்து படகேறிப் போனவர்களுக்கு இந்தியாவில், 1987 ஜூலை 1-க்குப் பின், பிறந்த பிள்ளைகள், பெற்றோர் இருவரும் இந்தியப் பிரஜைகள் அல்லராயின், அங்கே பிறந்தமையால் மட்டும் இந்தியப் பிரஜைகள் ஆவதில்லை. 2019-ஆம் ஆண்டு இந்தியத் திருத்தச் சட்டமும் இலங்கை அகதிகளைச் சேர்க்கவில்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திற் பிறப்பைப் பதிந்தாலன்றி அவர்களுக்கு ஒரு நாடும் இல்லை. சூரிச் பிள்ளைக்கு இரு நாடுகள் உரிமை கொண்டாடக்கூடும் என்ற கவலை. மண்டபத்துப் பிள்ளைக்கு ஒரு நாடேனும் உரிமை கொண்டாடுமா என்ற கவலை. இருவரின் பாட்டன்மாரும் ஒரே கரையில் வலை இழுத்தவர்கள்.

கடமை இல்லாதவனுக்கு உரிமை எதற்கு என்று சிலர் வினவலாம். இரட்டைப் பிரஜை பாராளுமன்றத்தில் அமரக்கூடாது என்று 2015-இல் 19-ஆம் திருத்தம் விதித்தது. 2017-இல், சுவிஸ் பிரஜாவுரிமையும் கொண்டிருந்த காரணத்தாற் கீதா குமாரசிங்க தம் ஆசனத்தை இழந்தார். 2020-இல் 20-ஆம் திருத்தம் தடையை நீக்கிற்று. 2022-இல் 21-ஆம் திருத்தம் அதை மீண்டும் நாட்டிற்று. உரிமையைப் பற்றி ஏழாண்டில் மூன்று முறை எழுதி அழித்து எழுதிய பாராளுமன்றம், கடமையைப் பற்றி ஒருமுறையேனும் வாய் திறக்கவில்லை. தேவை எழாமையாற் பேசவில்லை என்பார்கள். தேவை எழுந்த நாளிற் பேசினால் அது சட்டமாக இராது, அவசரகாலக் கட்டளையாக இருக்கும். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் யுத்தம் மூண்ட சூட்டில் நிறைவேற்றப்பட்டதே என்பதை மறக்கலாகாது.

நான் கேட்பது பெரிதன்று. பிரஜாவுரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு. வம்சாவழியாற் பிரஜையாகி, வழக்கமாக வெளிநாட்டில் வாழ்பவன், இந்நாட்டில் தற்காலிகமாகத் தங்கும் காலத்தில், எச் சட்டத்தின் கீழும் படைச்சேவைக்கு அழைக்கப்படான் என்று அது சொல்ல வேண்டும். ஹேக் உடன்படிக்கையின் வாசகமே மாதிரியாகப் போதும். இன்று கட்டாயச் சேவை இல்லாமையால் அதனால் அரசாங்கத்துக்கு ஒரு சிப்பாயும் குறையப்போவதில்லை, திறைசேரிக்கு ஒரு சதமும் நட்டமில்லை. கூடவே, தெரிவு செய்யும் வயதைப் பற்றியும் பாராளுமன்றம் மறுபடி சிந்திக்கலாம். பதினெட்டாக்கினால், இளைஞன் அழைப்பாணை வருமுன்னரே தன் நாட்டைத் தெரிவான் என்பது ஒரு பக்கம். பள்ளிப் படிப்பு முடியுமுன் பிள்ளையின் கையில் அவ்வளவு பாரத்தை வைக்கலாமா என்பது மறுபக்கம். எனக்கு இரண்டாவது பக்கத்திலேயே மனம் சாய்கிறது. இருபத்திரண்டு அப்படியே இருக்க, இடைப்பட்ட நான்காண்டுக்கு மேற்சொன்ன பிரிவு காப்பாக நின்றால் போதும்.

வன்னித் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆண்டுதோறும் மடுத் திருவிழா ஏற்பாட்டுக் கூட்டங்களிலே தண்ணீர், பஸ், மலசலகூடம் முதலியவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். அவையும் வேண்டியனவே. கூட்டம் முடிந்தபின் கூடாரங்களிடையே அரை மணி நேரம் நடந்து, அங்கு இருக்கும் இளைஞர்களிடம் "தம்பி, உன் கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு?" என்று கேட்டுப் பார்க்கட்டும். இரண்டு என்று சொல்பவன் எத்தனை வயதினன் என்பதையும் கேட்கட்டும்.